சிபேலியஸின் ஏழு சிம்பொனிகள்: ஒலிப்பதிவுத் தொகுப்புகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் திணறுவது ஒலிப்பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். ஒரு சிம்பொனியின் (ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதப்படும் நீண்ட படைப்பின்) பெயரைத் தேடினால் போதும், அதே படைப்பு, வேறு வேறு நடத்துநர் (குழுவை வழிநடத்துபவர்), வேறு வேறு ஆர்க்கெஸ்ட்ரா என்று பட்டியல் கீழே போய்க்கொண்டே இருக்கும். எதைத் தொடுவது? விவரம் தெரிந்தவர்களிடம் ‘எது பெஸ்ட்?’ என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், அதுவும் அடித்துச் சொல்வார்கள். குழப்பம்தான் கூடும். இரண்டு மூன்று பதிவுகளை அருகருகே வைத்து, வித்தியாசத்தை நம் காதாலேயே பிடிக்கப் பழகிவிட்டால் அந்தக் கேள்வியே தேவைப்படாது. அதற்கான வழியை ஒரே ஒரு இசையமைப்பாளரை வைத்துச் சொல்கிறேன்: பின்லாந்தின் ஜான் சிபேலியஸ் (1865–1957).

ஏன் சிபேலியஸ்?

ஹைடன் நூறுக்கும் மேல் சிம்பொனிகள் எழுதினார், ஷோஸ்டகோவிச் 15 எழுதினார். சிபேலியஸ் 1899இல் தொடங்கி 1924இல் ஏழாவதோடு முடித்துக்கொண்டார். எட்டாவதை எழுதி, பிறகு தீயில் போட்டுவிட்டார் என்றே கருதப்படுகிறது. ஏழையும் சேர்த்துக் கேட்க நாலு மணி நேரம்கூட ஆகாது. ஒரே நடத்துநர் ஏழையும் பதிவு செய்த முழுத்தொகுப்பு பெரும்பாலும் மூன்று நான்கு சிடிக்குள் அடங்கிவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஏழும் ஏழு விதம். முதல் இரண்டும் உணர்ச்சி பொங்கும் பெரிய படைப்புகள். மூன்றாவது திடீரென்று மெலிந்து, தெளிந்து நிற்கும். நான்காவது இருண்டது, கரடுமுரடானது. ஐந்தாவது வெளிச்சம். ஆறாவது எதையும் உரக்கச் சொல்லாது. ஏழாவது ஒரே மூச்சில் ஓடும் 20 சொச்ச நிமிட இசை. இந்த ஏழையும் ஒரே நடத்துநர் சமமாகப் பிடிப்பது அபூர்வம். முதலாவதில் பொளந்துகட்டியவர் ஆறாவதில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். அதனால் முழுத்தொகுப்புகளை ஒப்பிடும்போது ஒவ்வொருவரின் குணமும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

எது மாறும், எது மாறாது?

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒரே கீர்த்தனையை இருவர் பாடினால் சங்கதி மாறும், நிரவல் மாறும், கற்பனாஸ்வரம் மாறும். சிம்பொனியில் அது எதுவும் கிடையாது. ஸ்வரம் ஒவ்வொன்றும், எந்தக் கருவி எப்போது நுழைகிறது என்பதும், எங்கே மெதுவாக, எங்கே உரக்க என்பதும் எழுதியே இருக்கின்றன. அப்படியானால் மாறுவது என்ன? வேகம், ஒரு வேகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதம், எந்தக் கருவி முன்னால் கேட்கிறது, எது பின்னால் போகிறது என்ற சமநிலை, வயலின்கள் ஒரு ஸ்வரத்தை அழுத்தி இழுக்கிறார்களா, தொட்டுவிட்டு நகர்கிறார்களா என்பது, மௌனத்தின் நீளம், கடைசியாக, பதிவு செய்த கூடத்தின் எதிரொலி. கேட்கும்போது இவற்றைத்தான் தேட வேண்டும்.

முதல் படி: ஒன்றை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

தெரியாத படைப்பை வைத்து ஒப்பிட முடியாது. நீங்கள் கேட்பது சிபேலியஸ் எழுதியதா, நடத்துநர் செய்ததா என்று பிரித்தறிய வழியிருக்காது. ஐந்தாம் சிம்பொனியில் தொடங்கச் சொல்வேன். மூன்று பகுதிகள், அரை மணி நேரம். ஏதாவது ஒரு நல்ல பதிவை, உதாரணத்துக்கு பாவோ பெர்க்லுண்ட் 1980களில் ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கோடு செய்ததை எடுத்துக்கொண்டு, கடைசிப் பகுதியில் ஹார்ன்கள் (வளைந்த பித்தளைக் காற்றுக் கருவிகள்) ஊஞ்சல் போல ஆடிக்கொண்டு வாசிக்கும் மெட்டு வாயில் முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள். 1915 ஏப்ரல் 21 அன்று 16 அன்னங்கள் தலைக்கு மேல் பறந்ததைப் பார்த்துச் சிலிர்த்துப்போனதை சிபேலியஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியோடு சேர்த்தே இந்த மெட்டைச் சொல்வார்கள். மெட்டு மனதில் ஏறும்வரை இரண்டாவது பதிவைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: கேட்கும் சாதனத்தைச் சரிசெய்யுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் இங்கே கோட்டை விட்டால் ஒப்பீடு முழுக்கக் கெட்டுப்போகும்.

செயலியில் ‘கிராஸ்ஃபேட்’ வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒரு டிராக்கின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் குழைத்துவிடும். ‘ஷஃபிள்’ வேண்டவே வேண்டாம். டிராக்குகள் இடைவெளியில்லாமல் ஓடும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். இரண்டாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி நிற்காமல் நேராக நான்காம் பகுதிக்குள் ஏறும். அந்த ஏற்றம்தான் படைப்பின் உச்சம். நடுவில் அரை நொடி வெட்டு விழுந்தாலும் போச்சு.

ஒலி அளவை ஒவ்வொரு பதிவுக்கும் காதால் சமப்படுத்துங்கள். இரண்டு பதிவுகளில் சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் ‘நல்லா இருக்கே’ என்று தோன்றவைக்கும். அது காதின் இயல்பு, அதற்கும் நடத்துநருக்கும் சம்பந்தமில்லை. முடிந்தால் ஹெட்ஃபோனில், ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சிபேலியஸின் இசையில் பாதி கிசுகிசுப்புதான்.

தேடும்போது நடத்துநர், ஆர்க்கெஸ்ட்ரா, சிம்பொனி எண் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். திரையில் காட்டும் ஆண்டை நம்ப வேண்டாம். 1966இல் பதிவானதைப் புதுப்பித்து வெளியிட்ட ஆண்டைத்தான் பல செயலிகள் காட்டும். அப்புறம், ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியைச் சில ஆல்பங்களில் இரண்டு டிராக்காகப் பிரித்திருப்பார்கள். நான்கு டிராக் இருப்பதைப் பார்த்து வேறு வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: மூன்றே மூன்று தொகுப்புகள்

பத்துத் தொகுப்புகளை ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒன்றுக்கொன்று நேரெதிரான மூன்று போதும். நான் எடுக்கச் சொல்பவை இவை (நடத்துநர், குழு, வெளியிட்ட நிறுவனம், பதிவான ஆண்டு என்ற வரிசையில்).

லோரின் மாஸல், வியன்னா பில்ஹார்மோனிக், டெக்கா, 1963–68. துடிப்பும் கூர்மையும் உள்ள தொகுப்பு. வியன்னாவின் ஸோஃபியன்ஸால் கூடத்தில் பதிவானது. ஹார்னும் ட்ரோம்போன் என்ற பித்தளைக் கருவியும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இளைஞரான மாஸல் எங்கும் தயங்குவதில்லை.

ஜான் பார்பிரோலி, ஹாலே ஆர்க்கெஸ்ட்ரா, இ.எம்.ஐ., 1966–70. இது மறுமுனை. நிதானம், கனிவு, தந்திக் கருவிகளின் அடர்த்தி. மான்செஸ்டர் நகரின் இந்தக் குழுவை 1943லிருந்து கட்டி வளர்த்தவர் பார்பிரோலி. தொகுப்பு முடிந்த அதே 1970இல் இறந்துபோனார். வாசிப்பில் அங்கங்கே சிறு பிசிறு இருக்கும். அதைப் பொருட்படுத்தாத அளவுக்கு மனிதச் சூடு இருக்கும்.

ஆஸ்மோ வான்ஸ்கா, லாத்தி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, பிஸ், 1990களின் நடுப்பகுதி. பின்லாந்தின் சிறிய நகரம் ஒன்றின் குழு இது. அங்குள்ள தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். எழுதிய குறிகளுக்கு அப்படியே கட்டுப்பட்ட வாசிப்பு. மெல்லிய இடம் காதுக்கு எட்டுமா எட்டாதா என்ற அளவுக்கு மெலியும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவைத்தால் உச்சத்தில் தூக்கிவாரிப்போடும். எச்சரிக்கை.

நான்காம் படி: ஒரே இடம், மூன்று முறை

ஏழு சிம்பொனிகளையும் மூன்று தடவை முழுதாகக் கேட்டு ஒப்பிடுவது நடக்கிற காரியமில்லை. சில இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் மூன்று பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

முதலில் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதி. ஏறத்தாழ ஆறாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி, தந்திக் கருவிகள் வெறும் சலசலப்பாகிவிடும். அதன்மேல் பஸூன் (தாழ்ந்த குரலுள்ள மரக் காற்றுக் கருவி) தனியாகப் புலம்பும். அந்தச் சலசலப்பு எப்படிக் கேட்கிறது? ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெரிகிறதா, மூடுபனி மாதிரி மொத்தமாகப் பரவியிருக்கிறதா? பஸூன் அதற்குள்ளிருந்து வருகிறதா, மேடையின் முன்னால் வந்து நிற்கிறதா? வான்ஸ்காவிடம் இந்த இடத்தில் மூச்சுவிடக்கூடப் பயமாக இருக்கும். மாஸல் இங்கேயும் ஒரு விறைப்பைக் கைவிடுவதில்லை.

அப்படியே தொடர்ந்து கேளுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் பித்தளைக் கருவிகள் பெரிதாக எழும்பி, இசை மூன்று எண்ணிக்கையில் நடனமாட ஆரம்பிக்கும். இங்கேதான் சிபேலியஸின் கெட்டிக்காரத்தனம். 1915 டிசம்பர் 8 அன்று, தன் 50ஆம் பிறந்தநாளில், இந்தச் சிம்பொனியை அவர் முதன்முதலாக நடத்தியபோது இவை இரண்டு தனிப் பகுதிகள். அடுத்த ஆண்டு திருத்தினார், 1919இல் மறுபடியும் திருத்தி இறுதி வடிவம் கொடுத்தார். இந்தத் திருத்தங்களில் இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டார். உங்கள் வேலை தையலைத் தேடுவது. வேகம் எந்த நொடியில் மாறியது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால், நடத்துநர் கொஞ்சம் தவறவிட்டார் என்று அர்த்தம். ‘எப்போது இவ்வளவு வேகமானது?’ என்று நீங்கள் திகைத்தால் அவர் ஜெயித்துவிட்டார். அங்கிருந்து பகுதியின் முடிவு வரை வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். சீக்கிரமே உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டவர்களுக்குக் கடைசி ஒரு நிமிடத்தில் கூட்ட ஒன்றும் மிச்சமிருக்காது.

அதே சிம்பொனியின் கடைசி அரை நிமிடம். குழு மொத்தமும் சேர்ந்து போடும் ஆறு அடிகள், நடுநடுவே மௌனம். இந்த மௌனத்தை ஒருவர் எண்ணி அளந்து விடுவார், ஒருவர் நீட்டுவார், பொறுக்க முடியாமல் சுருக்குகிறவரும் உண்டு. கூடத்தின் எதிரொலி அடங்கிய பிறகு அடுத்த அடி விழுகிறதா, அதன் மேலேயே விழுகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து நான்காவது (1911). தொடக்கத்தில் செல்லோ, டபுள் பேஸ், பஸூன் சேர்ந்து நான்கு ஸ்வரங்களை உறுமும். இது உரத்து, கனமாக, தரையைத் தோண்டுகிற மாதிரி வர வேண்டும். அழகாக வாசித்தால் தவறு. பிறகு கடைசிப் பகுதிக்குப் போங்கள். சிறு மணியொலி ஒன்று வரும். சிபேலியஸ் எழுதிவைத்த சொல் வெறுமனே ‘மணிகள்’ என்று மட்டும் இருந்ததால், சிலர் கணகணவென்று மின்னும் க்ளாக்கன்ஷ்பீலையும், சிலர் தேவாலய மணிபோல ஒலிக்கும் குழல்மணிகளையும் பயன்படுத்தினார்கள். க்ளாக்கன்ஷ்பீல்தான் அவர் மனதில் இருந்தது என்பதே பொதுவான முடிவு; எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. குழல்மணி அந்தக் குளிரான இசையில் ஒரு சடங்குத்தன்மையைக் கொண்டுவந்துவிடுகிறது. முடிவையும் கேளுங்கள். சோகமான இசை என்பதால் கடைசியில் தேய்ந்து மெலிந்து முடிக்கப் பலருக்கும் கை துறுதுறுக்கும். சிபேலியஸ் எழுதியதோ நடுத்தர அளவில், வேகம் குறையாமல், சட்டென்று நின்றுவிடும் முடிவு. ஆறுதல் சொல்லாமல் எழுந்துபோகும் அந்தத் துணிவு எனக்கு ஏழு சிம்பொனிகளிலும் மிகப் பிடித்த இடம்.

இரண்டாவதில் (1902) ஒரே ஒரு இடம் போதும்: கடைசிப் பகுதியின் பின்பாதியில், கீழே ஒரே மாதிரியான ஸ்வர வரிசை சுற்றிச் சுற்றி ஓட, மேலே ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வந்து ஏறிக்கொண்டே போகும் பகுதி. அதில் உங்களுக்குச் சலிப்புத் தட்டுகிறதா, பிடரி சிலிர்க்கிறதா என்பதே விடை. இதன் மொத்த நீளம் பொதுவாக 42 முதல் 45 நிமிடம். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1980களில் வியன்னாவில் நடத்தியது 50ஐத் தாண்டும். அதையும் ஒருமுறை கேளுங்கள், ஆனால் முதலில் வேண்டாம்.

ஐந்தாம் படி: தொகுப்பை மூன்றாவதிலும் ஆறாவதிலும் எடை போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதையும் ஐந்தாவதையும் எல்லாரும் நன்றாகச் செய்வார்கள். அவை கச்சேரிகளில் அடிக்கடி வருபவை, வாசிக்கிறவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்றாவதும் ஆறாவதும் அப்படியில்லை. நடத்துநருக்கு சிபேலியஸ் மேல் உண்மையான ஈடுபாடு உண்டா, தொகுப்பை நிரப்புவதற்காகப் பதிவு செய்தாரா என்பது இங்கேதான் வெளியில் வரும்.

மூன்றாவதின் (1907) நடுப்பகுதி ஒரு தாலாட்டு. சற்றே நகரும் நடை என்று எழுதி, அதோடு இன்னும் கொஞ்சம் துள்ளலாக என்றும் சேர்த்திருக்கிறார் சிபேலியஸ். ஆளாளுக்கு வேகம் வேறுபடும். எட்டு நிமிடத்தில் முடிப்பவரும் உண்டு, பத்தைத் தாண்டுபவரும் உண்டு. மெதுவாக எடுத்தால் ஏக்கம் வரும், நடனம் போய்விடும். வேகமாக எடுத்தால் நேர்மாறு. பார்பிரோலி இங்கே எனக்குக் கொஞ்சம் இழுக்கிறார். உங்களுக்கு அதுவே பிடித்துப்போகலாம், அதில் தப்பே இல்லை.

ஆறாவதின் (1923) தொடக்கத்தில் வயலின்கள் உயரத்தில் பல குரல்களாகப் பிரிந்து பின்னிக்கொள்ளும். அங்கே பெரிய மெட்டோ பெரிய ஓசையோ கிடையாது. குரல்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நன்றாக அமைந்த பதிவில், பின்னால் ஹார்ப் வாசிக்கும் ஒவ்வொரு மீட்டலும் தெளிவாகக் காதில் விழும்.

ஏழாவதுக்கு (1924) அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரே ட்ரோம்போன் மெட்டு மூன்று முறை, மலைமுகடு மாதிரி எழும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் பயணம் நடக்கவில்லை என்று பொருள்.

குறிப்பு எழுதுவது

ஒரு நோட்டில் இடத்தின் பெயர், பதிவு, காதில் பட்டது, இவ்வளவு போதும். மதிப்பெண் போடாதீர்கள். ‘சூப்பர்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அது எதையும் சொல்லாது. ‘பஸூன் தூரத்தில், தந்திகள் மணல் மாதிரி’ என்று எழுதியிருந்தால் சொல்லும். நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி முடிவு கட்ட வேண்டாம். இரண்டு பதிவுகள் ஒரே 14 நிமிடம் எடுத்துக்கொண்டும், ஒன்று தொடக்கத்தில் ஓடி முடிவில் நிதானிக்கும், மற்றது அதற்கு நேரெதிராகப் போகும்.

ஆறாம் படி: ஒரே ஆள், வேறு குழு

இதுவரை நடத்துநர், குழு, கூடம் மூன்றும் ஒரே நேரத்தில் மாறின. எது எதனால் என்று பிரிப்பது கடினம். ஒரே நடத்துநரின் பல தொகுப்புகளைக் கேட்டால் அந்தச் சிக்கல் பாதி தீரும். அதற்குப் பெர்க்லுண்டைவிடத் தோதான ஆள் கிடையாது. பின்லாந்துக்காரரான இவர் ஏழையும் மூன்று முறை பதிவு செய்தார்: 1970களில் இங்கிலாந்தின் போர்ன்மத் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு, 1980களில் ஹெல்சிங்கியோடு, 1990களில் ஐரோப்பியச் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு. ஏழாவதின் அச்சுப் பிரதியில் இருந்த பிழைகளைத் தேடிப் பிடித்துத் திருத்திய மனிதர் என்பதால் எழுத்துக்கு எழுத்து அக்கறை காட்டுவார்.

ஆறாவதின் தொடக்கத்தை மூன்றிலும் கேளுங்கள். போர்ன்மத்தில் ஒலி அகலம், கனம். ஹெல்சிங்கியில் கடுமையும் உறுதியும் கூடும். மூன்றாவது தொகுப்பில் குழு சிறியது. தந்திகள் குறைவு என்பதால் புல்லாங்குழலும் ஓபோவும் போராடாமலே மேலே வரும். அதைக் கேட்ட பிறகு முதல் தொகுப்புக்குத் திரும்பினால், ‘இந்த வரி இங்கேயும் இருந்ததா?’ என்று தேட ஆரம்பிப்பீர்கள். ஒப்பீட்டால் எனக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான்: ஒரு பதிவு இன்னொன்றில் ஒளிந்திருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. காலின் டேவிஸும் மூன்று தொகுப்புகள் விட்டுச்சென்றார், பாஸ்டனில் ஒன்றும் லண்டன் சிம்பொனியோடு இரண்டும். பெர்க்லுண்ட் முடிந்ததும் அங்கே போகலாம்.

பழையவையும் அரைகுறையானவையும்

சிபேலியஸின் நண்பரும், ஹெல்சிங்கி ஆர்க்கெஸ்ட்ராவை 1882இல் நிறுவியவருமான ராபர்ட் கயானுஸ், 1930களின் தொடக்கத்தில் லண்டனில் 1, 2, 3, 5 நான்கையும் பதிவு செய்தார். 1933இல் இறந்துவிட்டதால் மீதி மூன்றும் அவர் கையால் கிடைக்கவில்லை. கரகரப்பு இருக்கும், வேகமும் இருக்கும். பிற்காலத்தில் படிந்த கனம் எதுவும் இல்லாத சிபேலியஸ் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு நேரடிச் சாட்சி அது. ஒரே நடத்துநர் ஏழையும் முடித்த முதல் தொகுப்பு, 1950களின் தொடக்கத்தில் சிக்ஸ்டன் எர்லிங் ஸ்டாக்ஹோமில் செய்தது. சற்றுப் பிந்தி அந்தோணி காலின்ஸ் லண்டன் சிம்பொனியோடு டெக்காவுக்குச் செய்த தொகுப்பு மோனோ (ஸ்டீரியோ அல்லாத ஒற்றை ஒலி) என்றாலும் இன்றும் சுறுசுறுப்பாக இருக்கிறது.

புகழ்பெற்ற நடத்துநர் ஹெர்பர்ட் வான் கராயனைத் தேடுகிறவர்களுக்கு ஒரு விவரம். அவர் மூன்றாவதைப் பதிவு செய்யவே இல்லை. அவர் பெயரைத் தாங்கி வரும் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்தின் தொகுப்பில் 4 முதல் 7 வரைதான் அவர். முதல் மூன்றையும் நடத்தியவர் ஒக்கோ காமு என்ற இளம் பின்லாந்துக்காரர். அட்டையைப் பார்த்து வாங்கிவிட்டு மூன்றாவதைக் கராயன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கராயனின் 1960களின் நான்காவதும் ஆறாவதும் தனியாகவே தேடிக் கேட்கத் தக்கவை.

இன்றைய தலைமுறையில் ஒன்று வேண்டுமென்றால் கிளவுஸ் மாக்கெலா ஆஸ்லோ பில்ஹார்மோனிக்கோடு செய்து 2022இல் டெக்கா வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 26. பளபளப்பான, நிதானமான வாசிப்பு. எரிந்துபோன எட்டாவதோடு தொடர்புபடுத்தப்படும் சில துணுக்குகளும் அதில் உண்டு. மொத்தம் சில நிமிடங்கள்தான், ஆனால் கேட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் ஆன பிறகு, ஐந்தாம் சிம்பொனியின் 1915 வடிவத்தை வான்ஸ்கா லாத்தியோடு பதிவு செய்திருப்பதைப் போடுங்கள். நான்கு பகுதிகள். தொடக்கத்தில் நமக்குப் பழகிய ஹார்ன் அழைப்பு இருக்காது. முடிவில் அந்த ஆறு அடிகள் வரும்போது நடுவில் மௌனம் இருக்காது. தந்திகள் அடியில் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதே குழு, அதே நடத்துநர். இம்முறை நீங்கள் ஒப்பிடுவது 1915இன் சிபேலியஸையும் 1919இன் சிபேலியஸையும்.